பாட்டி வீடு வரைக்கும்

“டீச்சர், அங்க நல்லா செய்றான், வீட்டுக்கு வந்தா ஒன்னுமே செய்யமாட்டேங்கிறான்.”

சிறப்புப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்காத வாரம் இருக்காது. குளுவாங்கில் நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பெற்றோர் இப்படிச் சொன்னால் குறை வீட்டில் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குள் பொதுவான பேச்சு. அம்மா செல்லம் கொடுக்கிறார், பாட்டி கெடுக்கிறார், அப்பாவுக்கு நேரமில்லை. இத்தனை வருடம் கழித்து நான் சொல்வது வேறு. வீட்டில் நிற்காத ஒரு பழக்கத்தை நாங்கள் இன்னும் கற்றுக்கொடுத்து முடிக்கவில்லை. பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. மீதியை யார், எங்கே, எப்படிச் செய்வது என்பதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே பேசி வைக்க வேண்டும்.

எங்கள் நிலையத்துக்கு வரும் பிள்ளைகள் டவுனிலிருந்து மட்டும் வருவதில்லை. பாலோ, நியோர், ரெங்கம், காஹாங் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஜொகூர் பாரு இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கேயோ சிங்கப்பூரிலோ வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் வீடு திரும்பும் அப்பாக்கள் நிறைய. அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்டு. பிள்ளை கண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கூட இருப்பவர் பாட்டி. நாங்கள் எழுதும் அறிக்கைகளில் அவர் பெயரே வராது. பிள்ளை கற்றது நிற்குமா போகுமா என்பதோ அவர் கையில் இருக்கிறது.

ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு நிலையத்தில் கழிப்பறைப் பழக்கம் முழுதாக வந்துவிட்டிருந்தது. உட்காரும் பீங்கான், வெள்ளை டைல்ஸ் சுவர், அழுத்தினால் பாயும் தண்ணீர், வரிசையாக ஒட்டிய படங்கள், முடித்து வந்தால் அட்டையில் ஒரு ஸ்டிக்கர். பதிவேட்டில் வாரக்கணக்காகத் தவறே இல்லை. தோட்டத்தில் பாட்டி வீட்டில் அவன் இன்னும் பேம்பர்ஸில்தான் இருந்தான்.

நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்னக் கழிப்பறை. குந்தி உட்காரும் பீங்கான், மங்கலான பல்பு, சாத்தினால் அதிரும் தகரக் கதவு. தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். சிமெண்டுத் தரை எந்நேரமும் ஈரம். ஈரம் காலில் பட்டாலே அவனுக்கு உடம்பு கூசும். நிலையத்தில் கற்றவற்றில் இங்கே பயன்பட்டது கால்சட்டையை இறக்குவது ஒன்றுதான். அந்த வெள்ளை அறைக்குள் செய்ய வேண்டியதைத்தான் அவன் கற்றிருந்தான், அங்கே ஒழுங்காகவும் செய்துகொண்டிருந்தான். இங்கே அவனுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை.

இரண்டு பக்கத்திலிருந்தும் வேலையைத் தொடங்கினோம். நிலையத்தில் ஊழியர்கள் பயன்படுத்தும் குந்தும் கழிப்பறை ஒன்று இருந்தது. அதையும் உட்காரும் பீங்கானையும் மாற்றி மாற்றிப் பழக்கினோம். ஒரு வாளியும் ஜக்கும் வைத்தோம். பழைய படங்களை எடுத்துவிட்டு, பாட்டி வீட்டுக் கழிப்பறையையே போனில் படம் பிடித்து அதே வரிசையில் ஒட்டினோம். பாட்டி அவன் காலுக்கு ஒரு ஜோடி சிலிப்பர் வாங்கிக் கதவோரம் போட்டார். ஈரத் தரைக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் தேவைப்படவில்லை. பரிசைப் பற்றிப் பேசும்போது பாட்டி சொன்னார்: “ஸ்டிக்கர் கதையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. முடிச்சிட்டு வந்தான்னா கோழிக்குத் தீனி போடக் கூட்டிட்டுப் போறேன்.” அவனுக்குக் கோழிகள் என்றால் உயிர். நான் யோசித்துச் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட அது நல்ல பரிசு. தினமும் எப்படியும் நடக்கிற வேலை, காசு செலவில்லை, எங்கள் கோப்பு மூடிய பிறகும் நடக்கும்.

இந்தச் சிக்கலைத் துறை நெடுநாளாக அறிந்திருக்கிறது. டிரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேர் இருவரும் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் எங்கள் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுகிறது. ஏறத்தாழ 270 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், பயிற்சியைக் கொடுத்துவிட்டு மற்ற இடங்களுக்கு அது தானே பரவிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதுதான் மிகப் பரவலான வழக்கம் என்று கண்டார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1973-இல், கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் குழுவினர் தாங்கள் பயிற்றுவித்த 20 ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்று முதல் நான்கு ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரோடு வீட்டில் வளர்ந்தவர்கள் கற்றதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், சிலர் முன்னேறியும் இருந்தார்கள். காப்பகத்துக்குத் திரும்பியவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள். லோவாஸ் அந்தக் காலத்தில் பிள்ளைகளை அடித்ததையும் மின் அதிர்ச்சி கொடுத்ததையும் நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். ஆனால் தன் வேலை எங்கே நிற்கவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதியது எங்களுக்கெல்லாம் உதவியிருக்கிறது.

மலேசியாவில் இதற்கு விடை தேடும் ஒரு முயற்சி 1984-லேயே தொடங்கிவிட்டது. சமூக மறுவாழ்வுத் திட்டம், நாம் வாயால் பிடிகே என்று சொல்வது, அந்த ஆண்டு திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஆரம்பித்தது. உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ளவரைத் தூரத்து நிறுவனத்துக்கு அனுப்பாமல், அவர் வாழும் கம்பத்திலேயே, குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் வைத்துப் பழக்குவது அதன் அடிப்படை. இன்று நாடு முழுவதும் பிடிகே நிலையங்கள் இருக்கின்றன. கட்டடங்கள் வந்த பிறகு, வீட்டுக்குப் போய்ப் பழக்கும் பழைய வழக்கம் பல இடங்களில் மெலிந்துவிட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

எதைக் கற்றுத்தருவது என்பதிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. டியோடோரோ அயில்லான், நேதன் அஸ்ரின் என்ற இருவர் 1968-இல் ஒரு விதி எழுதினார்கள்: பயிற்சி முடிந்த பிறகும் சுற்றியிருக்கும் உலகம் எந்த நடத்தைக்குப் பலன் கொடுக்குமோ அதையே கற்றுக்கொடு. நான் இதை மேசைமேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அட்டை காட்டிப் பெயர் சொல்லவைத்தால், அந்த அட்டைகளை வீட்டில் யார் காட்டப்போகிறார்கள்? “அந்தச் சிவப்பு வாளிய எடுத்துட்டு வா” என்று அம்மா தினமும் கேட்கிறார். அதே நிறத்தை அந்த வாளியில் கற்றுத்தந்தால் வீடே அதை மீட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். கேட் தாழ்ப்பாளைத் திறப்பது, அவித்த முட்டையை உரிப்பது, மழை வந்தால் துணியை எடுப்பது, இவையெல்லாம் இந்த ஊர் வீடுகள் நாள்தோறும் கேட்கிற வேலைகள். துணி எடுக்கிற பையனுக்கு வீட்டில் மரியாதை கூடுகிறது. அது எந்த மிட்டாயும் தர முடியாத பலன்.

கேட்பது இன்னும் பெரிய விஷயம். பேச்சு வராத ஒரு பெண் குழந்தை படம் கொடுத்துக் கேட்கும் முறையில் நன்றாகத் தேறியிருந்தாள். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கிய முறை அது. பிள்ளை படத்தை எடுத்து வந்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கும், அவர் உடனே பொருளைக் கொடுப்பார். நிலையத்தில் நாள் முழுக்கக் கேட்டவள் வீட்டில் ஒரு படத்தையும் தொடவில்லை. அவள் அம்மா அருமையான அம்மா. மகள் எழுந்து உட்காரும் விதத்தை வைத்தே பசியா தாகமா என்று சொல்லிவிடுவார். கேட்கும் முன்பே மைலோ வந்துவிடும். கேட்க வேண்டிய தேவையே வீட்டில் இல்லை.

அந்த அம்மாவிடம் அன்பைக் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மைலோ டின்னை அவள் கண்ணில் படும்படி மேல் தட்டில் வையுங்கள், படத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்று மட்டும் கேட்டோம். ஐந்து வரை எண்ணுவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அடுப்படியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், கதவுக்குப் போனாள். படம் கைக்கு வந்ததும் அம்மா மைலோவைக் கலக்கிய வேகத்தில் பாதி மேசையில் சிந்தியது.

பிறகு அதை வெளியே கொண்டுபோனோம். வீட்டருகில் ரொட்டி சானாய் போடும் பாய் ஒருவர். “அவ படம் காட்டுற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க பாய், காட்டினதும் உடனே குடுத்துடுங்க” என்றேன். அவ்வளவுதான் நான் கொடுத்த பயிற்சி. காலை நேரக் கூட்டத்தில், கல்லில் மாவு தட்டும் சத்தத்துக்கு நடுவில், அவர் குனிந்து அந்தப் படத்தை வாங்கும் பக்குவம் எங்கள் ஊழியர்கள் சிலருக்கே வராது. சர்க்கரையா குழம்பா என்று இரண்டு படம் வேண்டும் என்று பிறகு அவரே கேட்டார்.

குளுவாங்கில் பிள்ளைக்கு இன்னொரு சுமை உண்டு. காத்திருக்கச் சொல்லும்போது டீச்சர் மலாயில் சொல்கிறார், பாட்டி தமிழில், கிளினிக்கில் தாதி ஆங்கிலத்தில், கடையில் சீன அங்கிள் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஒருவர் சொல்வதற்கு மட்டும் நிற்கப் பழகிய பிள்ளை மற்றவர்களிடம் அடங்காத பிள்ளையாகத் தெரியும். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு கை சைகையை வைத்து, பல வாய்களிலிருந்து பல மொழிகளில் பழக்குகிறோம். ஒரே ஆசிரியை, ஒரே அறை, ஒரே மேசை என்று ஒழுங்காக நடக்கும் பயிற்சி பார்க்க அழகாக இருக்கும். வெளியே நிற்பது, கொஞ்சம் கலைந்து நடந்த பயிற்சிதான்.

உதவியை எப்படி விலக்குவது என்பது இந்தத் தொழிலின் நுட்பமான பகுதி. கை கழுவ வைக்கும்போது பிள்ளைக்குப் பின்னால் நின்று அவன் கைமேல் நம் கையை வைக்கிறோம். பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோளில் ஒரு விரல், பிறகு ஒன்றுமில்லை. பேசாமல் செய்ய வேண்டும். கை உதவியைக் குறைப்பது எளிது, வாய் உதவியைக் குறைப்பது மகா கஷ்டம். “சோப்பு எடு, தேய், குழாயைத் திற” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினால் அந்தச் சொல்லும் கை கழுவுவதன் ஒரு படியாகிவிடும். யாரும் சொல்லாத நாளில் பிள்ளை குழாயடியில் நின்றுகொண்டே இருப்பான். பாட்டிகளிடம் நான் வைக்கும் மிகப் பெரிய வேண்டுகோள், வாயை மூடிக்கொண்டு கையால் காட்டுங்கள் என்பதுதான். இன்னும் மரியாதையாகத்தான் சொல்வேன்.

பரிசும் அப்படியே. புதிதாக ஒன்றைக் கற்கும்போது ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். பழகிய பிறகு சில முறை மட்டும், எப்போது என்று தெரியாதபடி. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் இருவரும் 1957-இல் விரிவாக எழுதி வைத்த உண்மை இது: தவறாமல் பலன் கிடைத்த நடத்தை, பலன் நின்றதும் விரைவில் நின்றுவிடும், எப்போதாவது பலன் கிடைத்த நடத்தை நெடுநாள் தாங்கும். “சாக்லெட் இல்லாம எதையும் செய்யமாட்டான் டீச்சர்” என்று ஒரு அம்மா சொன்னால், சாக்லெட்டைக் குறைக்கும் வேலையை யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள் என்று பொருள். இதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. கடையில் விழுந்து புரளும் பிள்ளைக்குப் பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராவது முறை கேட்டதை வாங்கிக் கொடுத்தால், புரளுவது நெடுநாள் நிற்கும்படி நாமே பயிற்சி கொடுத்துவிடுகிறோம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நிலையம், பள்ளி, பிடிகே எல்லாம் ஒரே நாளில் மூடின. யாரும் திட்டமிடாத பரீட்சை அது. போனில் வீடியோ பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, பிறகு பிள்ளைகள் திரும்பி வந்தபோது நேரில் பார்த்து, எது நின்றது எது போனது என்று குறித்து வைத்தேன். வட்டமாக உட்காருவது, மேசையில் புள்ளி இணைப்பது, மணி அடித்தால் எழுவது, இவை போய்விட்டன. தட்டைக் கழுவி வைப்பது, சட்டையை மாட்டிக்கொள்வது, படம் கொடுத்துக் கேட்பது, வீட்டிலேயே பழக்கியிருந்த குடும்பங்களில் இவை நின்றன. மாதக்கணக்கில் நாங்கள் போராடியும் வராத கை கழுவல், சில பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் கழுவினார்கள், வெளியே போய் வந்தால் உடனே கழுவினார்கள், தாத்தாவும் கழுவினார்.

வரிசையில் நிற்பதில் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஒரு பையனுக்குத் தரையில் பாதம் வரைந்து ஒட்டினால்தான் வரிசையில் நிற்க வரும். வெளியே எந்தக் கடையில் பாதம் இருக்கும் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். கோவிட் வந்ததும் மளிகைக் கடை, மருந்துக் கடை, வங்கி என எல்லா இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிட்டார்கள். அவன் அப்பாவோடு போய் ஒவ்வொரு கோடாக நின்று நகர்ந்தான். காலப்போக்கில் அந்த டேப்புகள் தேய்ந்தன, பிய்ந்தன, சில இடத்தில் பாதிதான் இருந்தது. நாங்கள் வகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க நினைத்ததை ஊரே அழித்துத் தந்தது. கோடு முழுதாக மறைந்தபோது, அவன் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்து நிற்கப் பழகியிருந்தான்.

ஜொகூரில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. 2014 ஜனவரி முதல் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1-ஆம் தேதி அது மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. பெரியவர்களுக்கு அது செய்தி. ஞாயிறு என்றால் பள்ளி என்று உடம்பில் பதிந்துபோன பிள்ளைக்கு அது நிலநடுக்கம். காலையில் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுத பிள்ளைகள் உண்டு. நாளின் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் திணறினார்கள். காலண்டரில் நிறம் பார்த்து, நீலம் என்றால் பள்ளி, மஞ்சள் என்றால் வீடு என்று படிக்கப் பழகியவர்கள் சில நாட்களில் சமாளித்துவிட்டார்கள், நிறத்தை மாற்றி ஒட்டினால் போதும். அதே மாற்றத்தில் ஒரு நன்மையும் வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவும் பிள்ளையும் முன்பு சனிக்கிழமை ஒருநாள்தான் சேர்ந்து வீட்டில் இருப்பார்கள். இப்போது இரண்டு நாள். சனிக்கிழமை எங்கள் பயிற்சிக்கு வந்து உட்காரும் அப்பாக்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, கடைக்கோ முடி வெட்டவோ போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள் என்பது.

எல்லா நடத்தையையும் நிலைநிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, சும்மா உட்கார் என்று பழக்கியவை வீட்டில் நிற்காமல் போனால் நான் அதற்காக ஒரு நிமிடமும் செலவிட மாட்டேன். கையை ஆட்டுவது அந்தப் பிள்ளை தன் மனதை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி, யாருக்கும் கெடுதலில்லை. சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்கும் குடும்பத்தோடு அதைப் பற்றி நீண்ட நேரம் பேசுவேன். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வரும்போது, “எனக்குப் போதும், அறைக்குப் போறேன்” என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டுப் போகத் தெரிந்தால், அந்தப் பழக்கம் அறுபது வயதிலும் அவனுக்கு உதவும்.

பயிற்சி முடியும்போது நாங்கள் கொடுக்கும் தாள் முன்பெல்லாம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருக்கும். இப்போது பாட்டிக்கு வாட்ஸாப்பில் தமிழில் ஒரு குரல் பதிவு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. என்ன செய்வான், எங்கே செய்வான், செய்த பிறகு என்ன நடக்க வேண்டும், மறந்துவிட்டால் எந்தப் படியிலிருந்து உதவ வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிறோம். நழுவியிருந்தால் முழுப் பயிற்சி தேவைப்படாது, ஒன்றிரண்டு முறை கூட நின்றால் திரும்பிவிடும். பல நிலையங்களில் கட்டணம் மணிக்கணக்கில் வாங்குகிறார்கள், இந்தப் பின்தொடர் வருகைக்கு அதில் இடமில்லை. இருக்க வேண்டும். சேர்க்கும் அன்றே கட்டணத்துக்குள் அதை வைத்துப் பேசிக்கொண்டால் பெற்றோருக்கும் பாரமாகாது.

சிறப்புக் கல்வி வகுப்பில் படித்து முடித்த ஒரு வாலிபன் இப்போது ஊருக்கு வெளியே ஒரு செடி நர்சரியில் வேலை செய்கிறான். பைகளில் மண் நிரப்புவது, வரிசையாக அடுக்குவது, தண்ணீர் பாய்ச்சுவது. ஆரம்பத்தில் நாங்கள் போய்ப் படங்கள் ஒட்டி, மண்ணின் அளவுக்குப் பையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம். அண்மையில் தவுக்கே பெரிய பைகளுக்கு மாறியபோது எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. புதிய பையில் எதுவரை மண் வேண்டுமோ அங்கே மார்க்கர் பேனாவால் தானே ஒரு கோடு போட்டு, அதை நிரப்பிக் காட்டி, முதல் வரிசையை அவனோடு சேர்ந்து அடுக்கியிருக்கிறார். அடுத்த முறை போனபோது கோடில்லாத பைகளையே அவன் நிரப்பிக்கொண்டிருந்தான். தவுக்கேயின் மனைவி அந்த வாரச் சம்பளத்தை அவன் கையில் எண்ணிக் கொடுத்தார், அவனும் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.